பத்தாவது வரிசையில் ஏழு

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் வாலு எழுதுவது. கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். இதைப் போனில் பேசினால் பக்கத்து மேசைக்காரிக்குக் கேட்கும். வாட்ஸப்பில் அனுப்பினால் நாளைக்கே நாலு பேர் கைக்குப் போய், என் வேலைக்கு உலை வைத்துவிடும். அதனால் தபால்.

அண்ணன் கம்பெனியில் மாதாமாதம் எல்லோர் கையிலும் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? "நல்லதுதான், அந்தக் கொஞ்ச நேரமாவது உக்காரலாம்"னு அண்ணன்கூடச் சிரித்தாரே. அந்த ரத்தமெல்லாம் எங்கள் ஆய்வகத்துக்குத்தான் வந்தது. பழைய பேட்டரியை உடைத்துப் புதிது செய்கிற இடத்தில் ஈயம் காற்றோடும் தூசியோடும் உள்ளே போய் ரத்தத்தில் தங்கிவிடும். எந்த அறையில் வேலை செய்பவர்களுக்கு எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்த்துப் படம் போடுவது என் வேலை. ஆள் பேர் எங்களுக்குத் தெரியாது, அறை எண் மட்டும் தெரியும்.

படத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஹீட்மேப் என்று பேர். மிரளாதீர்கள், வெறும் கட்டங்கள்தான். இடப்பக்கம் மேலிருந்து கீழே பன்னிரண்டு அறைகள், அடியில் மாதங்கள். ஈயம் குறைவென்றால் கட்டம் வெளிர் மஞ்சள், ஏற ஏறச் சிவப்பு. ஆர் என்ற கணினி மொழியில் போட்டேன். ஒற்றை எழுத்துதான் அதன் பேர், வைத்தவர்களுக்கு மை தீர்ந்துவிட்டதோ என்னவோ. சொல்லாவிட்டால் மாதங்களை அகராதி மாதிரி அடுக்கிவிடும், ஏப்ரல் முதலில் வந்து நிற்கும், ஜனவரி நடுவில் முழிக்கும். நான் விடுவேனா? மாதங்களை ஒழுங்காக வரிசையில் நிறுத்தினேன். அறைகள் வெறும் குறியீடாக அசிங்கமாக இருந்தன, அதனால் அறை 1, அறை 2 என்று பன்னிரண்டு வரைக்கும் நானே ஒரு பட்டியல் தட்டி ஓரத்தில் ஒட்டினேன். "இவ்வளவு சுத்தமா இங்க யாரும் போட்டதில்ல"ன்னு எங்க ஆய்வகத் தலைமை மேடமே சொன்னாங்க.

பெருமைப்பட்டதெல்லாம் கொஞ்ச நேரம்தான். பத்தாம் அறையைப் பாருங்கள். ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை ரத்தச் சிவப்பு. அண்ணன் நிற்பது அங்கேதானே, உருக்கும் அடுப்புக்கு முன்னால்.

ஏழாம் அறையைப் பாருங்கள். பேட்டரிக்குள் வைக்கிற ஈயத் தட்டுகளை அடுக்குகிற அறை. வெளிர் மஞ்சள். எப்படியாவது அண்ணனை அங்கே மாற்றுங்கள். அறிக்கை கம்பெனிக்குப் போய்ச் சேர இன்னும் மாசக்கணக்கில் ஆகும், அதுவரை அவர் அந்தப் புகையில் நிற்கக் கூடாது. காரணத்தை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். "எனக்கு மட்டும் எதுக்கு, எல்லாரையும் வெளிய கூப்பிடு"ன்னு அடம்பிடிப்பார், உங்களுக்குத் தெரியாததா.

கம்பெனி அறைக் கதவுகளில் இருக்கிற எண்களை எழுதியதே அவர் கைதான். அந்தக் கை போர்டு எழுதிச் சம்பாதித்துத்தான் என்னைப் படிக்கவைத்தது. இதைக்கூட நான் செய்யாவிட்டால் அந்தப் படிப்பு எதற்கு?

கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். படத்தை மட்டும் ஒளித்து வையுங்கள். சின்னதுக்கு ஒரு முத்தம்.

உங்கள்
வாலு


பிப்ரவரி 26

வாலுவுக்கு,

நீ சொன்னது நடந்துவிட்டது. கடிதம் அடுப்புக்குள் போயிற்று. படம் துணிப்பெட்டிக்கு அடியில் இருக்கிறது.

எப்படி நடந்தது என்று கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். கம்பெனி மேஸ்திரி நான் வேலை பார்க்கிற தையல் கடைக்குத்தான் பேண்ட்டைக் கொண்டுவருவார், இடுப்பைப் பிரித்துவிட. பிரிக்க இனி அதில் துணியே இல்லை, தொப்பை அப்படி. "எங்க வீட்டுக்காரருக்குப் புகை ஒத்துக்கலைங்க, இருமி இருமி உயிர் போகுது"ன்னு ஒரு பொய் சொன்னேன். உன் அண்ணன் குறட்டையைத் தவிர வேறு சத்தம் போட்டதில்லை. அந்த ஆள் உடனே, "ஏழுல ஆள் நிறைஞ்சிருக்கும்மா. ஒருத்தனை எடுத்தாத்தான் ஒருத்தனைப் போட முடியும். யாரை எடுக்கட்டும், நீயே சொல்லேன்"னார், விளையாட்டுக்குக் கேட்பது போல.

நான் நெட்டையன் பேரைச் சொன்னேன்.

உனக்கு அவனைத் தெரியாது. பின்தெருவில் இருக்கிறான், கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருக்கும். வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்ளாமல் ஒரு வீட்டுக்குள்ளும் நுழைந்ததில்லை. பார்த்தால் "அக்கா, அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிடுவான். ஏழில் வேலை செய்பவர்களில் எனக்குத் தெரிந்த பேர் அது ஒன்றுதான். "வாட்டசாட்டமான ஆளு, சூடு தாங்குவான்"னு சிபாரிசு வேறு செய்தேன். தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள். ஆனாலும் அன்றைக்கு முழுக்க எனக்குத் தையல் நேராக ஓடவில்லை.

உன் அண்ணன் வீட்டுக்கு வந்து குதியோ குதி என்று குதித்தார். பத்தில் அவர்தான் மூத்த ஆள், அடுப்பு அவர் சொன்னபடி கேட்கும், ஏழில் போய்ப் பொம்பளைங்க கூட உட்கார்ந்து தட்டு அடுக்கணுமா என்று. "உக்கார்ந்துதான் பாருங்களேன், முதுகு வலியாவது குறையும்" என்றேன். முறைத்தார். போய்விட்டார்.

ஒன்று கேட்கிறேன், படிப்பில்லாதவள் கேட்கிறாள் என்று சிரிக்காதே. ஏழில் சன்னலைத் திறக்கவே மாட்டார்களாம், காற்றடித்தால் தட்டின் மேல் இருக்கும் தூள் பறந்துவிடும் என்று. வந்ததும் சட்டையை உதறினால் சாம்பல் மாதிரி என்னவோ உதிர்கிறது. பத்தில் இருந்தபோது வியர்வை நாற்றம்தான் வரும், இது வராது. அந்த அறையா நல்ல அறை? எனக்காக ஒரு தடவை சரியாகப் பார்த்துச் சொல்.

அண்ணி


மார்ச் 8

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் கேட்டீர்கள் என்பதற்காக மறுபடி படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். பத்து சிவப்பு, ஏழு மஞ்சள். மாற்றமே இல்லை. யோசித்துப் பாருங்கள், பத்தில் ஈயத்தை உருக்குகிறார்கள், புகை வருகிறது, சூடு அடிக்கிறது. கம்பெனியில் யாரைக் கேட்டாலும் மோசமான அறை அதுதான் என்பார்கள். ஊரே சொல்வதைத்தான் படமும் சொல்கிறது. கணக்கு பொய் சொல்லாது அண்ணி. மனுஷங்கதான் சொல்லுவாங்க, நீங்கள் மேஸ்திரியிடம் சொன்ன மாதிரி.

சட்டையை மட்டும் வீட்டுக்கு வெளியே உதறுங்கள், சின்னது பக்கத்தில் இல்லாதபோது.

நெட்டையனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கும் உறுத்துகிறது. முகம் தெரியாத ஆள் என்றாலும் சாப்பிட உட்கார்ந்தால் நினைப்பு வருகிறது. அறிக்கை போனதும் பத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் கூடுதலாகப் போடுவார்கள், ஆட்களைக் குறைப்பார்கள், அவனுக்கும் ஒன்றும் ஆகாது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இருவரில் ஒருவர்தான் என்றால் எனக்கு என் அண்ணன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வாலு


ஜூன் 19

வாலுவுக்கு,

போனில் பேச வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். போன வாரம் நீயும் கத்தினாய், நானும் கத்தினேன். சின்னது பயந்துபோய்த் தையல் மிஷினுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு வெளியே வரவே இல்லை.

உன் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுகிறார். சாப்பாடு இறங்கவில்லை, வாயில் இரும்பைச் சப்பின மாதிரி இருக்கிறதாம். வெளிக்குப் போவதே பெரும்பாடு. இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தக் கோபத்தைத்தான் தாங்க முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒரு சொல் அதிர்ந்து பேசாத மனுஷன், தண்ணீர் கொண்டுவர நேரமானது என்று சொம்பை விட்டெறிந்தார். சுவரில் பட்டு நசுங்கிக் கிடக்கிறது.

அன்றைக்கு எனக்கும் வாய் நிற்கவில்லை. "அந்தப் பத்துலயே கிடந்து சாகட்டும்னு விட்டிருக்கணும். உங்க தங்கச்சி பேச்சைக் கேட்டு உங்களை வெளிய இழுத்தேன் பாருங்க, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்"னு கொட்டிவிட்டேன். அப்புறம் மறைத்து என்ன பயன்? பெட்டியிலிருந்து படத்தை எடுத்து முன்னால் போட்டேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். பத்தாம் அறை வரிசையில் விரலை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நகர்த்தினார். நிமிர்ந்து ஒன்றுதான் கேட்டார். "அப்போ அவன்?"

அதிலிருந்து என்னிடம் பேச்சில்லை. மறுநாள் மேஸ்திரியிடம் போய் என்னைப் பழையபடி பத்திலேயே போடு, நெட்டையனை இங்கே கொண்டுவா என்று கெஞ்சியிருக்கிறார். "இது என்ன பஸ்ஸு சீட்டா, நினைச்சா மாறி மாறி உக்கார?"ன்னு விரட்டிவிட்டாராம். உன் அறிக்கை வந்ததும் பத்தில் ஃபேன் போட்டார்கள், பாதி ஆட்களை எடுத்து ஏழில்தான் திணித்திருக்கிறார்கள். இடமே இல்லையாம். நெட்டையனை மட்டும் அங்கேயே விட்டுவிட்டார்கள், அடுப்பு பழகிவிட்டான் என்று.

அந்தப் பையனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள். வழியில் பார்த்தால், "அண்ணே, பத்து நல்லாத்தான் இருக்கு, நீங்க பழக்கி வெச்ச அடுப்பு"ன்னு சிரித்துக்கொண்டு வருகிறானாம். இவருக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுற்றுவழியாக வீட்டுக்கு வருகிறார்.

உன் அண்ணனைக் காப்பாற்றினாய், சரி. அவர் தூங்குவதை நிறுத்திவிட்டார். அதற்கும் ஏதாவது படம் போட முடியுமா?

அண்ணி


ஜூன் 30

அண்ணிக்கு,

கடைசி வரியைப் படித்துவிட்டு அலுவலகக் கழிவறையில் போய் அழுதேன். உங்களுக்குத் திருப்தியாக இருக்கட்டும்.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஈயம் இன்றைக்கு உள்ளே போய் நாளைக்கு வெளியே வருகிற சமாச்சாரம் இல்லை. எலும்பில் போய் உட்கார்ந்துகொண்டு வருஷக்கணக்கில் படுத்தும். அண்ணனுக்கு இப்போது வருவதெல்லாம் பத்தாம் அறை கொடுத்தது. அங்கேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். யார் கெஞ்சினாலும் ஏழாம் அறையை விட்டு அவரை நகர விடாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். "ஈயம்" என்று நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள், இல்லாவிட்டால் வயிற்றுப்புண் மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்.

அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை பேசினால் போதும். திட்டினாலும் சரி.

வாலு


ஆகஸ்ட் 9

வாலுவுக்கு,

உன் அண்ணனுக்கு வலது மணிக்கட்டு விழுந்துவிட்டது. கையை நீட்டச் சொன்னால் அதுவரைக்கும் நீள்கிறது, அதற்கு மேல் காலிப் பை மாதிரி தொங்குகிறது. கம்பெனியில் கதவு எண்களைப் புதிதாக எழுதச் சொன்னார்களாம். பிரஷ் கையில் நிற்கவில்லை. மூன்றாம் கதவோடு விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார். காலையில் சின்னதுதான் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறது. நான் போடப் போனால் தள்ளிவிடுகிறார்.

டாக்டர் ஈயம்தான் என்கிறார், இனி ஈயம் இருக்கும் பக்கமே போகக் கூடாது என்கிறார். "அதெல்லாம் மாசியிலேயே நல்ல அறைக்கு மாத்திட்டோம் டாக்டர்"னு பெருமையாகச் சொன்னேன். எல்லாம் உன்னை நம்பித்தான். இடது கையால் அடுக்கிக்கொண்டு இன்றைக்கும் ஏழுக்குத்தான் போயிருக்கிறார்.

இனி எனக்கு எழுதாதே. உன் நம்பரையும் பிளாக் பண்ணிவிட்டேன்.


ஆகஸ்ட் 28

அண்ணி,

அண்ணனை ஏழாம் அறைக்கு அனுப்பாதீர்கள். கீழே இருப்பதை அப்புறம் படித்தாலும் பரவாயில்லை, இதை முதலில் செய்யுங்கள். உங்கள் போன் போகவில்லை. கடை முதலாளிக்குப் போன் செய்து, அண்ணன் வேலைக்குப் போக வேண்டாம் என்று மட்டும் உங்களிடம் சொல்லச் சொன்னேன். ஏன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

பத்தாம் அறை நல்ல அறை அண்ணி. சிவப்பு ஏழாம் அறைதான். முதலிலிருந்தே ஏழுதான்.

இந்த ஆண்டுக் கணக்குக்குப் புதுப் படம் போட்டேன். இந்தத் தடவை கட்டத்துக்குள்ளேயே எண்ணையும் எழுது என்று மேடம் சொன்னார்கள். எழுதிவிட்டு, சரிபார்க்க அச்சிட்ட அட்டவணையைப் பக்கத்தில் வைத்தேன். படத்தில் அறை 10 என்ற வரிசையில் முதல் கட்டம் அறுபத்தொன்று. அட்டவணையில் பத்தாம் அறைக்குப் பதினான்கு. அச்சில்தான் பிழை என்று முதலில் நினைத்தேன். பிறகு அட்டவணை முழுக்க விரலை ஓட்டி அறுபத்தொன்றைத் தேடினேன். ஏழாம் அறைக்கு நேராக இருந்தது.

மாதங்களை அகராதி மாதிரி அடுக்கிவிடும் என்று உங்களுக்குப் பீற்றிக்கொண்டேனே. அறைகளையும் அப்படியேதான் அடுக்கியிருக்கிறது. அதற்குக் குறியீட்டில் இருக்கிற எண்கூட வெறும் எழுத்துதான். ஒன்றுக்கு அடுத்து ஒன்றில் தொடங்குகிற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அப்புறம்தான் இரண்டுக்கு வரும். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஒன்று, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. பத்தாவது வரிசையில் ஏழு நிற்கிறது. நான் ஓரத்தில் ஒட்டிய அழகான பட்டியலில் அந்த இடத்தில் அறை 10 என்று இருக்கிறது. ஏழாவது வரிசையில் நின்றது நாலாம் அறை. அதன் மஞ்சளைத்தான் ஏழு என்று உங்களுக்கு அனுப்பினேன். கணினி ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை. அதைப் பொறுத்தவரை எல்லாம் சரி.

பத்தில் புகை இருக்கிறது, ஆனால் அடுப்புக்கு மேல் நல்ல உறிஞ்சி இருக்கிறது, எல்லாவற்றையும் இழுத்துவிடுகிறது. ஏழில் காய்ந்த தட்டிலிருந்து உதிர்கிற தூள், மூடின சன்னல். நீங்கள் சட்டையை உதறிவிட்டுக் கேட்டீர்களே, சரியாகப் பார்த்துச் சொல் என்று. நான் என் படத்தையே திரும்பப் பார்த்தேன். அட்டவணையைப் பார்த்திருந்தால் மார்ச்சிலேயே தெரிந்திருக்கும். ஊரே சொல்கிறது என்று எழுதினேன் அல்லவா, அந்தத் திமிர் என்னைப் பார்க்க விடவில்லை.

மேடத்திடம் சொன்னேன். உட்கார்ந்துவிட்டார்கள். "அடுத்த அறிக்கையில சத்தமில்லாம மாத்திடலாம், நாம ரெண்டு பேரும் தப்பிச்சிடலாம்"னாங்க. அதுவரைக்கும் ஏழில் இருக்கிறவர்கள்? நானே திருத்தத்தை எழுதி, என் பேரைப் போட்டு, கம்பெனிக்கும் தொழிலாளர் அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டேன். வேலை போகும். போகட்டும்.

ஈயத்தை வெளியே இழுக்க மருந்து இருக்கிறது. பெயரை டாக்டருக்குத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். கை திரும்புமா என்று கேட்டால் சிலருக்குத் திரும்புகிறது என்றுதான் சொல்ல முடியும். அதற்கு மேல் எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

என் அண்ணனை நல்ல அறையிலிருந்து பிடுங்கி நானே ஏழாம் அறையில் கொண்டுபோய் உட்காரவைத்தேன். நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். வரலாமா என்று கேட்கக்கூட எனக்கு வாயில்லை.

வாலு


செப்டம்பர் 14

வாலுவுக்கு,

கடை முதலாளி சொன்ன அன்றிலிருந்து அவர் வேலைக்குப் போகவில்லை. கடிதம் அப்புறம் வந்தது. தனியாகப் படித்தேன், உன்னை வாயில் வராத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன். பிறகு அவர் முன்னால் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். இனி ஒளிக்க என் பெட்டியில் இடமில்லை.

விரல் விட்டு எண்ணுகிற இடம் வந்தபோது அவரும் இடது கையில் எண்ணினார். ஏழில் வந்து நின்றார். பிறகு சிரித்தார், வாலு. எத்தனை மாசமாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து. "அப்போ அவனுக்கு ஒண்ணும் ஆகாது, இல்ல?"ன்னு என்னைக் கேட்டார். ஆகாது என்றேன். "அப்பாடா"ன்னு சுவரில் சாய்ந்துகொண்டார். எனக்கு அவரைப் போட்டு அடிக்கலாம் போல இருந்தது. உங்க கை போச்சே, அதைப் பத்தி ஒரு வார்த்தை வருதா பாரு என்று கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார், கண்ணில் தண்ணீர் வந்தது.

ஏழாம் அறையைக் கம்பெனி மூடவில்லை. "மொதல்ல பத்துன்னாங்க, இப்ப ஏழுங்கறாங்க, அடுத்த மாசம் கக்கூஸுன்னு சொல்லுவாங்க போல"ன்னு மேஸ்திரி கேலி பேசினாராம். உன் அண்ணன் படத்தையும் உன் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வாசல் கேட்டில் போய் நின்றார். வேலை முடிந்து வருகிறவர்களிடம் தொங்குகிற கையைக் காட்டிக் காட்டிச் சொல்லியிருக்கிறார். சிலர் மறுநாள் வரவில்லை. சிலர் வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்வது என்று அதே அறைக்குள் போனார்கள்.

அவர் கேட்டில் நின்ற அன்று சாயங்காலம் நெட்டையன் வீட்டுக்கு வந்தான். குழந்தை பிறந்திருக்கிறதாம், அதைச் சொல்லத்தான் வருகிறான் என்று நினைத்தேன். வழக்கம்போல நிலையில் தலையை இடித்துக்கொண்டான். உட்காரவில்லை. நான் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன், வாங்கவில்லை.

"அண்ணே, கேட்டுல சொன்னதெல்லாம் கேட்டேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என்னைப் பத்துக்கு மாத்தினப்ப அது நல்ல ரூமுன்னு யாருக்கும் தெரியாது. சிவப்புன்னுதான் தெரியும். தெரிஞ்சுதான் என்னை அங்க அனுப்பினீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். மேஸ்திரியிடம் அவன் பேரைச் சொன்னவள் நான். சூடு தாங்குவான் என்று சொன்னவள் நான். உன் அண்ணனுக்கு அன்றைக்கு ஒன்றுமே தெரியாது. நான் பேசுவதற்குள் அவர் முந்திக்கொண்டார். "ஆமாப்பா. நான்தான் கேட்டு வாங்கினேன்."

அவன் இவரையே பார்த்துக்கொண்டு நின்றான். திட்டுவான், அடிப்பான் என்று நினைத்தேன். "எனக்கு நல்லதுதான் நடந்திருக்கு. ஆனா நீங்க அதுக்காகச் செய்யல, இல்ல?"ன்னு கேட்டுவிட்டுப் போய்விட்டான். போகும்போது குனிந்து போனான். தலை இடிக்கவில்லை.

அவன் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் ஓடினேன். கூப்பிடவில்லை. திரும்பி வந்துவிட்டேன். இன்றைக்குவரை அவன் உன் அண்ணனைத்தான் வெறுக்கிறான். எதிரில் வந்தால் இப்போது அவன் சுற்றுவழியாகப் போகிறான். நீ செய்தது தெரியாமல் செய்த தப்பு, உன்னிடம் சொல்லிக்கொள்ள ஒரு வரிசை இருக்கிறது, ஒரு பட்டியல் இருக்கிறது. என்னிடம் ஒன்றும் இல்லை. நான் தெரிந்தே செய்தேன்.

படத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். இது இந்த வீட்டில் இருந்தது போதும். அனுப்புகிறேன் என்று சொன்னபோது அவர் பேனாவைக் கேட்டார். சின்னது தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டது. அறை 10 என்று நீ ஒட்டியதை அடித்துவிட்டு, பக்கத்தில் இடது கையால் 7 எழுதியிருக்கிறார். கதவு கதவாக எண் எழுதின மனுஷன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி கிறுக்கி வைத்திருக்கிறார். ஆனால் ஏழு என்று தெரிகிறது.

உன்னை வரச் சொல்கிறார். நான் சொல்லவில்லை, அவர் சொல்கிறார். காலாண்டுப் பரீட்சை வருகிறது, சின்னது சீக்கிரம் கிளம்ப வேண்டும், காலையில் அவருக்குப் பொத்தான் போட ஆள் வேண்டும். என்னை இன்னும் தொட விடவில்லை.

வா. என்னிடம் மட்டும் கொஞ்ச நாளைக்குப் பேசாதே.

அண்ணி